அருகிருப்போர் உள்ளம்



நோயைப் பற்றி வானொலியில் பேசியோர் பலர். நோயாளிகளைப் பற்றிப் பேசியோரும் உளர். நோயாளியின் அருகே நின்று பணி செய்வோரின் உள்ளத்தைப் பற்றிப் பேசும்படி இந்த நிலையத்தார் என்னைக் கேட்டபோது நான் சற்றுத் தயங்கினேன். படுக்கையில் உயிருக்குப் போராடும் ஒருவர் இருக்க, அவர் பக்கத்தில் நிற்பவள் தன் மனத்துயரைப் பற்றிப் பேசுவது முறைதானா என்ற ஐயமே அத்தயக்கத்துக்குக் காரணம். ஆனால், அப்படித் தயங்கித் தயங்கிப் பேசாமல் இருந்ததனாலேயே எத்தனையோ நல்ல செவிலியரும் மருத்துவரும் உள்ளம் உலர்ந்து போனதைக் கண்ணால் கண்டவள் நான். 1992ஆம் ஆண்டு முதல் முப்பது ஆண்டுகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியாகப் பணியாற்றியிருக்கிறேன். ஆகவே பேசத் துணிந்தேன்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் உண்டு என்கிறார். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து அதனை அளிப்பவர் என்பன அவை. முதல் மூன்றையும் உலகம் மறப்பதில்லை. நான்காமவரை மட்டும் எளிதில் மறந்துவிடுகிறது. இன்றைய பேச்சு பெரும்பாலும் அந்த நான்காமவரைப் பற்றியது.

தீவிர சிகிச்சைப் பிரிவை உங்களுள் பலர் உள்ளே சென்று பார்த்திருக்க மாட்டீர்கள். அங்கே பகலும் இரவும் ஒன்றுபோலவே இருக்கும். விளக்குகள் முழுவதும் அணைவதில்லை. ஒவ்வொரு படுக்கையின் தலைமாட்டிலும் ஒரு திரை. அதில் இதயத் துடிப்பும், இரத்த அழுத்தமும், குருதியில் உள்ள பிராணவாயுவின் அளவும் ஓடிக்கொண்டேயிருக்கும். தாமாக மூச்சு விட இயலாதவர்க்குச் செயற்கைச் சுவாசக் கருவி மூச்சைத் தரும். அளவு சற்று மாறினாலும் மணி ஒலிக்கும். அந்த மணியோசை பணி முடிந்து வீடு திரும்பிய பின்னும் காதில் ஒலித்துக்கொண்டிருக்கும். நினைவிழந்த நோயாளியை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைத்தல், தொண்டைக் குழாயில் சேரும் சளியை உறிஞ்சி எடுத்தல், இமை மூடாத கண்கள் உலராமல் காத்தல், வாயைத் துடைத்தல் ஆகிய யாவும் செவிலியின் பணிகள். தாய் ஒருத்தி தன் கைக்குழந்தைக்குச் செய்வனவற்றை எல்லாம் முன்பின் அறியாத ஒருவருக்கு நாங்கள் செய்கிறோம். அந்த ஒருவர் மறுநாள் இல்லாமற் போகவும் கூடும்.

இத்தகைய பிரிவு உலகில் எப்படித் தோன்றியது என்பதை மாணவர்களாகிய நீங்கள் அறிய வேண்டும். ஏனெனில், அதன் தோற்றத்தில் மாணவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

1952ஆம் ஆண்டு டென்மார்க்கின் தலைநகரான கோப்பன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் கொள்ளைநோயாகப் பரவியது. பிளெக்டாம் மருத்துவமனைக்கு நாள்தோறும் நோயாளிகள் வந்து குவிந்தார்கள். பலருக்கு மூச்சு விடும் தசைகளே செயலிழந்தன. மருத்துவமனையிலோ இரும்பு நுரையீரல் என்னும் பெரிய கருவி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சிறு கருவிகள் ஆறு இருந்தன. முதல் மூன்று வாரங்களில் மூச்சுத் தடைப்பட்டு வந்த 31 பேரில் 27 பேர் இறந்தனர். தலைமை மருத்துவர் லாசன் செய்வதறியாது பியோன் இப்சன் என்னும் மயக்கவியல் மருத்துவரை அழைத்தார். ஆகஸ்டு 27ஆம் நாள், பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் மூச்சுக்குழலில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, அதனுடன் இணைத்த ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கி அமுக்கி இப்சன் அவளுக்கு மூச்சு ஊட்டினார். சிறுமி பிழைத்தாள்.

வழி தெரிந்துவிட்டது. ஆனால் பையை அமுக்கக் கை வேண்டுமே! ஒரு நிமிடம், ஒரு மணி நேரம் அன்று. நாள் முழுதும், வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் அமுக்க வேண்டும். ஒரே சமயத்தில் எழுபது நோயாளிகள் வரை அந்நிலையில் இருந்தனர். அப்போது மருத்துவக் கல்லூரி மாணவர்களும் பல் மருத்துவ மாணவர்களும் முன்வந்தனர். ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு நோயாளிகளின் தலைமாட்டில் அமர்ந்து தம் கையாலேயே அவர்களுக்கு மூச்சுக் கொடுத்தனர். அவர்கள் அளித்த உழைப்பு மொத்தம் 1,65,000 மணி நேரம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நூற்றுக்கு எண்பதுக்கு மேல் இருந்த சாவு பாதிக்கும் கீழே குறைந்தது. மறு ஆண்டு, 1953 டிசம்பரில், அந்நகரின் நகராட்சி மருத்துவமனையில் இப்சன் அமைத்த தனிப் பிரிவே தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கெல்லாம் முன்னோடி என்பர்.

இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் வழக்கமாக இங்கே நிறுத்திக்கொள்வார்கள். நான் இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மாணவர்களுள் ஒருவர் பின்னாளில் தம் நினைவைக் கூறியிருக்கிறார். இரவில் நோயாளிகள் உறங்குவதற்காக விளக்குகளைத் தணித்துவிடுவார்களாம். மங்கிய ஒளியில் நோயாளியின் முகம் சரியாகத் தெரியாது. மாணவன் பையை அமுக்கிக்கொண்டே இருப்பான். பொழுது புலர்ந்து வெளிச்சம் வரும்போதுதான், தான் மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்த உடலில் உயிர் எப்போதோ பிரிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரியவரும்.

அந்த இளைஞனுக்கு வயது இருபதோ இருபத்திரண்டோ இருக்கும். உங்களைப் போன்றவன். அந்தக் காலைப் பொழுதில் அவன் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்! மனிதன் மனிதனுக்கு மூச்சுக் கொடுத்த பெருமையும், அப்படிக் கொடுத்தும் காக்க முடியாமற்போன துயரமும் அந்த ஒரே அறையில் பிறந்தன. பை போய்க் கருவி வந்துவிட்டது. துயரம் மட்டும் இன்றும் அங்கேயே இருக்கிறது.

அத்துயரத்தை என்ன செய்வது? பழைய விடை ஒன்று உண்டு. 1889இல் வில்லியம் ஆஸ்லர் என்னும் புகழ்பெற்ற மருத்துவர் பென்சில்வேனியாப் பல்கலைக் கழகத்தில் பட்டம் பெற்ற இளம் மருத்துவர்களிடையே உரையாற்றினார். எது நேர்ந்தாலும் கலங்காத நிதானமே மருத்துவனின் முதற் பண்பு என்று அவர் வற்புறுத்தினார். அறுவை செய்பவரின் கை நடுங்கினால் நோயாளி என்னாவார்? ஆகவே அவர் கூற்றில் உண்மை உண்டு. ஆனால், நிதானம் வேண்டும் என்னும் அதே உரையில், அதற்காக மனித இதயம் கல்லாகிவிடக் கூடாது என்றும் அவர் எச்சரித்தார். வழிவழி வந்தவர்கள் முதற் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள், பிற்பாதியை விட்டுவிட்டார்கள். நான் பயிற்சி பெற்றபோதும் எனக்குச் சொல்லப்பட்டது, அழக்கூடாது என்பதே. அழுகையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதை ஒருவரும் சொல்லவில்லை.

இனி என் கதையைச் சொல்கிறேன். 1998ஆம் ஆண்டு, நான் பணியில் சேர்ந்த ஆறாம் ஆண்டு. சாலை விபத்தில் தலையில் அடிபட்ட கல்லூரி மாணவன் ஒருவன் எங்கள் பிரிவில் பதினொரு நாள் இருந்தான். பன்னிரண்டாம் நாள் விடியற்காலையில் இறந்தான். அன்று இரவுப் பணி என்னுடையது. செய்ய வேண்டியவற்றைச் செய்தேன்; பதிவேட்டில் நேரத்தை எழுதினேன்; உடலைத் துடைத்து வெள்ளைத் துணியால் மூடினேன். படுக்கையைச் சுத்தம் செய்து முடிப்பதற்குள் அதற்கு வேறொரு நோயாளி வந்துவிட்டார்.

ஏறக்குறைய நாற்பது நாள் கழித்து ஒரு பிற்பகலில் அவனுடைய தாய் என்னைத் தேடி வந்தாள். சிற்றூரிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, “அம்மா, கடைசியில் என் பிள்ளை பக்கத்தில் நீங்கள்தான் இருந்தீர்கள் என்று சொன்னார்கள். அவன் ஏதாவது சொன்னானா?” என்று கேட்டாள்.

எனக்கு அவன் முகம் நினைவுக்கு வரவில்லை. ஏழாம் எண் படுக்கை நினைவுக்கு வந்தது. அவனுக்குக் கொடுத்த மருந்துகளின் அளவு நினைவுக்கு வந்தது. பெயர் வரவில்லை. “பதிவேட்டைப் பார்த்துச் சொல்கிறேன், அம்மா” என்றேன். ஒரு தாய் தன் மகனின் கடைசிச் சொல்லைக் கேட்கிறாள்; நான் பதிவேட்டைப் பார்க்கிறேன் என்கிறேன்! அவள் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு, “பரவாயில்லை, அம்மா. உங்களுக்கு எத்தனையோ பிள்ளைகள்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் சினந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திராது.

அன்று இரவு நான் என்னையே ஆராய்ந்தேன். வீட்டில் என் குழந்தை விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தால், “இதற்கா அழுகிறாய்?” என்று கேட்கத் தொடங்கியிருந்தேன். நோயாளிகளைப் பெயரிட்டு அழைப்பதை விட்டு எண்ணிட்டு அழைத்தேன். காலையில் மருத்துவமனைக்குக் கிளம்பும்போதே கால் கனத்தது. இது என் குணக்கேடு என்று எண்ணி எவரிடமும் சொல்லாமல் மறைத்தேன்.

குணக்கேடு அன்று; அதற்கு ஒரு பெயர் உண்டு என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். 1974இல் நியூயார்க்கில் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் என்னும் உளவியலறிஞர், ஏழை எளியவர்க்கான இலவச மருத்துவ நிலையத்தில் பணிபுரிந்தோரிடம் இந்நிலையைக் கண்டு எழுதினார். எரிந்து தீர்ந்துபோதல் என்னும் பொருள்படும் சொல்லால் அதனைக் குறித்தார். கிறிஸ்டினா மாஸ்லாக் என்னும் அம்மையார் சூசன் ஜாக்சனுடன் சேர்ந்து 1981இல் இதனை அளந்தறியும் முறையை வகுத்தார். அவர்கள் கூறும் அடையாளங்கள் மூன்று. உள்ளம் களைத்து வற்றிப்போதல் முதலாவது. எதிரில் இருப்பவரை மனிதராகக் காணாமல் பொருளாகக் காணுதல் இரண்டாவது. தான் செய்யும் பணியால் பயனில்லை என்று எண்ணுதல் மூன்றாவது. ஏழாம் எண் படுக்கை என்று நான் சொன்னேன் அல்லவா? அது இரண்டாவது அடையாளம்.

2019இல் உலக நலவாழ்வு நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் பதினொன்றாம் பதிப்பில் இதனைச் சேர்த்தது. நோயாக அன்று, தொழிலால் விளையும் ஒரு நிலையாக. பணியிடத்தின் நெடுநாளைய நெருக்கடி சரிவரக் கையாளப்படாமையே இதன் காரணம் என்று அது வரையறுக்கிறது. இதனை நீங்கள் கருத்திற் கொள்ள வேண்டும். குறை தனி மனிதரின் நெஞ்சில் மட்டும் இல்லை. பணி அமைந்திருக்கும் முறையிலும் இருக்கிறது.

இதற்கு நெருங்கிய உறவான வேறொரு துயரமும் உண்டு. 1984இல் ஆண்ட்ரூ ஜேம்டன் என்னும் மெய்யியலறிஞர் செவிலியர் பணியைப் பற்றி எழுதும்போது அதனைச் சுட்டினார். செய்யத்தக்கது எது என்பது தெரியும். ஆனால் சூழ்நிலை அதனைச் செய்யவிடாது. அப்போது உண்டாகும் வேதனையை அறத் துயர் எனலாம். 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாக் கொள்ளைநோய் பரவியபோது இத்துயரை நாங்கள் முழுமையாக அனுபவித்தோம். சாகும் தருவாயில் இருந்தவரின் அருகே மனைவி மக்கள் வர இயலவில்லை. கைப்பேசியை அவர் காதருகே நாங்கள் பிடித்துக்கொண்டு நின்றோம். உறவினர் உள்ளே இருப்பதே முறை என்று அறிந்தும், கதவை மூடியவர்கள் நாங்களே. அந்நோயால் 2021 மே வரையில் உலகெங்கும் 80,000 முதல் 1,80,000 வரை மருத்துவப் பணியாளர்கள் உயிரிழந்திருக்கலாம் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீடு. உயிரோடிருந்தவர்களின் மனப்புண்ணுக்குக் கணக்கு இல்லை.

அப்படியானால், உணர்ச்சியே இல்லாமல் இருந்துவிடுவது நல்லதா? இல்லை. இங்கே மூன்று சொற்களை வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். ஊர்க் குளத்தில் ஒருவன் தத்தளிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். கரையில் நின்று, ‘ஐயோ பாவம்’ என்பது இரக்கம். அவன் துடிப்பைத் தன் துடிப்பாகவே உணர்வது ஒத்துணர்வு. அவ்வுணர்வு மிகுந்து, நீந்தத் தெரியாதவன் தானும் குதித்தால் இருவரும் மூழ்குவர். ஒரு காலைப் படிக்கட்டில் உறுதியாக ஊன்றிக்கொண்டு அவனை நோக்கிக் கையை நீட்டுவது பரிவு. ஒத்துணர்வு இல்லாவிட்டால் கை நீளாது. அது மட்டுமே இருந்தால் கால் நிலைக்காது.

இதனை ஆய்வும் ஒருவாறு உறுதிப்படுத்துகிறது. ஓல்கா கிளிமெக்கி, தானியா சிங்கர் முதலியோர் நடத்திய ஆய்வு 2014இல் வெளியாயிற்று. பிறர் துன்பத்தை அப்படியே தாமும் உணரும் பயிற்சி பெற்றோர்க்கு மனவேதனை மிகுந்தது. அவர்களுக்கே பின்னர், துன்பப்படுவோர் நலம்பெற வேண்டும் என்ற நல்லெண்ணத்தை வளர்க்கும் பயிற்சி அளித்தபோது வேதனை தணிந்தது. மன நிறைவும் கூடியது. மூளையில் இவ்விரண்டுக்கும் உரிய இடங்களும் வேறு வேறாகவே காணப்பட்டன. பரிவு பிறவிக் குணம் மட்டும் அன்று, பயின்று பெறவும் கூடும் என்பது இதனால் விளங்கும்.

நான் எப்படி மீண்டேன் என்று கேட்பீர்கள். எங்கள் பிரிவில் ஒரு மூத்த செவிலி இருந்தார். நாங்கள் அவரை அக்கா என்றே அழைப்போம். ஒரு வாரம் கழித்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை, ஆறுதல் மொழியும் கூறவில்லை. தம் கைப்பையிலிருந்து சிறு குறிப்பேடு ஒன்றை எடுத்துக் காட்டினார். அதில் வரிசையாகப் பெயர்கள் இருந்தன; ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரே ஒரு வரி. ஒருவர் பேரனைப் பற்றிப் பேசிக்கொண்டேயிருப்பார் என்று ஒரு வரி. ஒருவர் காப்பியில் சர்க்கரை மிகுதியாகக் கேட்பார் என்று மற்றொரு வரி. “நானும் உன் இடத்தில் நின்றவள்தான். இனிமேல் பணி முடிந்ததும் வீட்டுக்கு ஓடாதே. தாழ்வாரத்தில் கால்மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவோம்” என்றார். அப்படியே நாலைந்து பேர் அமர்ந்து தேநீர் அருந்திப் பேசினோம். சில நாள் அழுதோம். சில நாள் சிரித்தோம். அவ்வளவுதான். ஆனால், அடுத்த நாள் காலையில் கால் அவ்வளவாகக் கனக்கவில்லை.

நாங்கள் தாழ்வாரத்தில் செய்ததையே பிற நாடுகளில் முறையாகச் செய்கிறார்கள் என்பதைப் பின்னர்ப் படித்து வியந்தேன். பாஸ்டன் நகரில் கென்னத் ஸ்வார்ட்ஸ் என்னும் வழக்கறிஞர் நாற்பது வயதில் நுரையீரல் புற்றுநோய்க்கு ஆளானார். தம்மைத் தேற்றியவை மருத்துவப் பணியாளர்களின் சிறு சிறு அன்புச் செயல்களே என்று எழுதிவிட்டு 1995இல் மறைந்தார். அவர் பெயரால் அமைந்த நிலையத்தின் முயற்சியால் பல மருத்துவமனைகளில் மருத்துவர், செவிலியர், பிற ஊழியர் யாவரும் ஓரிடத்தில் கூடித் தம் பணியில் நேர்ந்த மனத்துயர்களைப் பேசுகிறார்கள். வர்ஜீனியாவில் ஜொனாதன் பார்ட்டல்ஸ் என்னும் செவிலியர் மற்றொரு வழக்கத்தைத் தொடங்கினார். நோயாளி இறந்ததும், அவரைக் காக்க முயன்றவர்கள் எல்லோரும் சற்று நேரம் அப்படியே மௌனமாக நின்று, மறைந்தவரையும் தம் முயற்சியையும் நினைந்த பின்னரே கலைந்து செல்வர். டென்மார்க் முதலிய நாடுகளிலோ 1980கள் முதல், நினைவிழந்து கிடக்கும் நோயாளிக்காகச் செவிலியர் நாட்குறிப்பு எழுதி வைக்கிறார்கள். அவர் கண்விழித்த பின், தான் அறியாமற் கழிந்த நாட்களில் என்ன நடந்தது என்று அதில் படித்தறிவார். எழுதுபவரும், தாம் கவனித்துக்கொள்வது ஓர் எண்ணை அன்று, ஒரு மனிதரை என்பதை மறவாதிருப்பார்.

இவை எல்லாம் நல்லவையே. ஆயினும், தேநீரும் மௌனமும் மட்டும் போதும் என்று நான் கூறமாட்டேன். செயற்கைச் சுவாசத்தில் இருக்கும் ஒருவர்க்கு ஒரு செவிலி என்பது நல்ல முறை. மூவரையும் நால்வரையும் ஒருத்தியே பார்க்கும்படி விட்டுவிட்டு, அவளிடம் பரிவு குறைந்துவிட்டது என்று குறை கூறுவதில் நியாயம் இல்லை. போதிய ஆட்கள், உறக்கத்துக்கு இடம் கொடுக்கும் பணிமுறை, தவறு நேர்ந்தால் அஞ்சாமல் சொல்லக்கூடிய சூழல் ஆகிய இவை நிர்வாகம் அளிக்க வேண்டிய மருந்துகள்.

மாணவர்களே, உங்களுள் சிலர் நாளை மருத்துவராகவும் செவிலியராகவும் வருவீர்கள். உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இது: களைப்பு வந்தால் மறைக்காதீர்கள், உடன் பணிபுரிபவரின் முகம் வாடினால் காணாதது போல் போய்விடாதீர்கள். மற்றவர்கள் என்றேனும் ஒரு நாள் அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே உறவினராக நிற்க நேரலாம். அப்போது உள்ளே இருப்பவரின் பெயரையும், வீட்டில் அவரை எப்படி அழைப்பீர்கள் என்பதையும் செவிலியிடம் சொல்லுங்கள். அந்த ஒரு சொல் அவளுக்கும் உதவும். துயரம் மிகும்போது சினமும் வரும், அது இயல்பே. ஆனால் அந்தச் சினத்தில் கை ஓங்காதீர்கள். நீங்கள் இழந்தவரை அவளும் சற்று முன்புதான் இழந்திருக்கிறாள்.

அந்தத் தாயை நான் மறுபடியும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், பதிவேட்டைப் பாராமலே அவளுக்கு விடை கூறியிருப்பேன். “அம்மா, தொண்டையில் குழாய் இருந்ததனால் உங்கள் மகன் ஒன்றும் சொல்ல இயலவில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு அவன் முகத்தை வெந்நீரால் துடைத்தேன். தலையைக் கோதி விட்டேன். அவன் தனியாக இல்லை” என்று சொல்லியிருப்பேன். அன்று மறந்திருந்த அவன் பெயரை இன்று நான் அறிவேன். என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் முதல் பெயராக அதுவே இருக்கிறது.